குளத்தில் பறவை எண்ண ஒரு சீலுக்காக அலைந்த கதை

பி.எஸ்சி. விலங்கியல் மூன்றாம் ஆண்டு புராஜெக்ட் வைவா (வாய்மொழித் தேர்வு) போன வாரம் முடிந்தது. ஆய்வு நல்லபடியாக வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் அதைத் தொடங்கவே விடாமல் எங்களை அலையவைத்த கடித விவகாரத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அடுத்து வருகிறவர்களாவது அலையாமல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நீர்ப்பறவைகள் என்று தலைப்பு உடனே முடிவாகிவிட்டது. முதலில் கூந்தன்குளத்தைத்தான் நினைத்தோம். அது 1994-லேயே பறவைகள் சரணாலயமான இடம். அங்கே ஆய்வு என்றால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 28-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அனுமதி பெற வேண்டும். செமஸ்டருக்குள் அது நடக்காது என்று மேடம் சொன்னதால், நெல்லைப் பக்கம் சாதாரணப் பாசனக் குளம் ஒன்றை எடுத்துக்கொண்டோம். கரையில் ஊரே நடக்கிறது, மாடு மேய்கிறது. பைனாகுலரோடு நிற்க யார் அனுமதி தர வேண்டும்?

கல்லூரி அலுவலகம் கேட்டது. "குளம் யாருக்குச் சொந்தமோ அவங்ககிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க, அப்பதான் ஓ.டி." ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது வெளியே போனாலும் வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு) இல்லாமல் காலை வகுப்புகளை விட்டால் 75 சதவீத வருகை தேறாது. ஆய்வு பாடத்திட்டத்தில் கட்டாயம். ஆனால் ஆய்வுக்கு வெளியே போனால் ஆப்சென்ட். இது எந்த ஊர் நியாயம் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போனோம். மதியம்வரை பெஞ்சில் உட்காரவைத்து, "ஐயா மீட்டிங்ல இருக்காங்க, நாளைக்கு வாங்க" என்றார் கிளார்க். மறுநாள் அதே மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எங்க குளமே இல்லையே" என்றார். குளத்தின் பெயர் மனுவின் முதல் வரியிலேயே இருந்தது. முதல் நாளே படித்திருந்தால் ஒரு பஸ் செலவும் ஒரு நாள் லீவும் மிச்சமாகியிருக்கும்.

போவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: பொதுவாக ஆயக்கட்டு (குளத்துத் தண்ணீர் பாயும் நிலம்) 100 ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு, மேல் இருந்தால் குளம் நீர்வளத் துறையின் பொறுப்பு, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். நீர்வளத் துறை பொதுப்பணித் துறையிலிருந்து தனியாகப் பிரிந்தது 2021-ல்தான். அதனால் கரையில் உள்ள பழைய கல்லில் பொ.ப.து. என்று இருந்தாலும் குழம்ப வேண்டாம்.

சரியான அலுவலகத்துக்குப் போனபோது வேறு பதில். "பறவை பாக்கிறதுக்கெல்லாம் லெட்டர் கிடையாது. சும்மா போய்ப் பாருங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." அதையே எழுதித் தாருங்கள் சார் என்றால், முடியாது. கல்லூரியில் வந்து சொன்னால், வாய்வார்த்தை செல்லாது. இப்படியே ஜனவரி வந்துவிட்டது. பொங்கல் லீவில் மட்டும் போய் எண்ணி, பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காக இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பட்டியலை ஏற்றினோம். எங்கள் கையில் இருந்த தரவே அவ்வளவுதான்.

கடைசியில் வழி சொன்னது தோழியின் சித்தப்பா. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "அனுமதின்னு கேட்டா யாராவது முடிவெடுக்கணும், எடுக்க மாட்டான். தகவல் கடிதமா கொடு. ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போய், ஒண்ணுல தபால் பிரிவுல சீல் வாங்கிக்கோ." அப்படியே எழுதினோம்: 'கரையில் நின்று காலை 6 முதல் 8.30 வரை பறவைகளைக் கணக்கெடுக்க உள்ளோம், நீரில் இறங்கவோ எதையும் பிடிக்கவோ மாட்டோம் என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' பத்து நிமிஷத்தில் தேதியோடு 'பெறப்பட்டது' சீல் விழுந்தது. அந்த நகலைக் கல்லூரி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது! செமஸ்டர் முழுவதற்கும் தேதிகளைச் சேர்த்தே எழுதிவிடுங்கள், வாராவாரம் ஓ.டி.க்கு நிற்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் எளிது. மீன் குத்தகை எடுத்தவரிடம் மட்டும் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

எங்கள் ஆய்வை ஆய்வாக்கியது மடை திறக்கிற அண்ணாச்சிதான். நாங்கள் பட்டியல் போடுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நெறஞ்சு கெடக்கும்போது முக்குளிப்பானும் நாமக்கோழியுந்தாம்மா. பிசான நெல்லுக்குத் தண்ணி போயி சகதி தெரியட்டும், உள்ளான் வந்து எறங்கும் பாருங்க." அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் மதகுப் படியில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று ஒரே இடத்தில் நின்று போட்டோ எடுத்தோம். படிகள் ஒவ்வொன்றாக வெளியே தெரியத் தெரிய நீர்க்காகங்கள் குறைந்தன, பவளக்கால் உள்ளானும் பட்டாணி உப்புக்கொத்தியும் கூடின. எத்தனை வகைப் பறவை என்று தொடங்கிய புராஜெக்ட், நீர்மட்டம் இறங்கும்போது எந்தப் பறவை வருகிறது என்று மாறியது. வைவாவில் வெளித்தேர்வாளர் ஷானன் குறியீட்டு (உயிரின வகைகளின் பன்மையை அளக்கும் எண்) அட்டவணையைப் புரட்டிவிட்டு, அந்தப் படி போட்டோக்களில்தான் நின்று நின்று கேள்வி கேட்டார். நன்றியுரையில் அண்ணாச்சி பெயரை முதலில் போட்டோம்.

ஜூனியர்களுக்கு: கடிதத்தை நவம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் குளம் பெருகுவதிலிருந்து எண்ணினால்தான் நீர்மட்டக் கணக்கு முழுசாக வரும். எங்களுக்கு அந்த முதல் பாதி கிடைக்கவில்லை. சீல் போட்ட நகல் துறைக் கோப்பில் இருக்கிறது, மேடத்திடம் கேட்டு அதே வாசகத்தை எழுதிக்கொள்ளுங்கள்.