கேஸுக்குள்ள ஆடக்கூடாது

சில வருஷம் முன்னாடி ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரை வெளிநாட்டுல ஒருத்தருக்கு வித்து அனுப்பினேன். ஹார்ட் கேஸ், அதுக்கு மேல பெரிய அட்டைப்பெட்டி, சுத்தி பபிள் ரேப்னு பார்த்துப் பார்த்துக் கட்டினேன், பெட்டியில ஒரு கீறல் கூட இல்லாம போய்ச் சேர்ந்துச்சு, ஆனா கேஸைத் திறந்தா நட்டுக்கு (நெக் முடியற இடத்துல கம்பிகள் உக்கார்ற சின்ன பட்டை) பின்னாடி ஹெட்ஸ்டாக், அதாவது கம்பியை முறுக்கற கீ எல்லாம் இருக்கற தலைப்பகுதி, முறிஞ்சு கம்பியில தொங்கிட்டு இருக்கு. வாங்கினவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டேன். அந்த போட்டோ மட்டும் இன்னும் மனசை விட்டுப் போகல.

கிட்டார் ரிப்பேர் பண்ற ஒருத்தர்கிட்ட அந்த போட்டோவைக் காட்டினப்போதான் காரணம் புரிஞ்சது. நிறைய கேஸ்ல நெக்குக்கு (கிட்டாரோட நீளமான கழுத்து) மட்டும்தான் கீழ தாங்கல் இருக்கும், ஹெட்ஸ்டாக்குக்குக் கீழ வெறும் காலி இடம். டியூனிங் கீ ஆறும் உலோகம், அத்தனை வெயிட்டும் நுனியில. பெட்டி மல்லாக்க விழுந்தா உடம்பு சட்டுனு நின்னுடும், தலை நிக்காம பின்னாடி போகும். ஹெட்ஸ்டாக் சாய்வா இருக்கறதால அங்க மரத்தோட ரேகை குறுக்க ஓடும், அதனால அந்த இடம் ரொம்ப வீக், போதாக்குறைக்கு ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ அளவுக்கு இழுத்துக்கிட்டு வேற இருக்கும். வெளியில எவ்ளோ பபிள் ரேப் சுத்தினாலும் உள்ள ஆடறதை அது எப்படி நிறுத்தும்?

போன மாசம் திரும்பவும் ஒண்ணை அனுப்ப வேண்டி வந்துச்சு, இது 12 வருஷம் நான் வாசிச்ச கிட்டார். முதல்ல கம்பியை எல்லாம் சுருதியில ரெண்டு ஸ்டெப் இறக்கினேன், முழுசா தளர்த்தல. (வயலின் அனுப்பறவங்க இதுல இன்னும் கவனமா இருக்கணும், கம்பி மொத்தமா தளர்ந்தா உள்ள நிக்கற சவுண்ட் போஸ்ட்ங்கற சின்ன மரக்குச்சி விழுந்துடலாம்.) பழைய பனியன் துணியை மடிச்சு ஹெட்ஸ்டாக்குக்குக் கீழயும் மேலயும் வச்சேன், அதைத் தூக்கி நிறுத்தற அளவுக்குத் திணிக்காம சும்மா தாங்கற அளவுக்கு. கேஸை மூடி, நிமிர்த்திப் பிடிச்சு, காதை வச்சு மெதுவா ஆட்டினா உள்ள "டொக்"னு ஒரு சத்தம். திறந்து பார்த்தா எல்லாம் சரியாதான் இருக்கு, மூடி ஆட்டினா திரும்ப டொக். கடைசில பார்த்தா கேஸுக்குள்ள இருக்கற சின்ன அறையில மறந்துபோன கேப்போ (சுருதியை ஏத்த நெக்ல மாட்டற கிளிப்)! அது மூடியைத் தள்ளிக்கிட்டு வெளிய வந்திருந்தா வழி முழுக்க கிட்டார்மேல இடிச்சுக்கிட்டே போயிருக்கும். அதை எடுத்து தனியா துணியில சுத்தி கேஸுக்கு வெளிய வச்சேன்.

பெட்டி சைஸ் விஷயத்துல கஞ்சத்தனமும் கூடாது தாராளமும் கூடாது. விமானத்துல அனுப்பினா பெரும்பாலும் நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000-ஆல வகுத்து வர்றது தராசு எடையை விட அதிகமா இருந்தா அதைத்தான் எடையா எடுத்துப்பாங்க. 120, 50, 25-னு ஒரு பெட்டி எடுத்தா 30 கிலோ, தராசுல வச்சா பத்து கிலோ கூட வராது.

மரத்தையும் பார்க்கணும். கிட்டார் செய்யற ரோஸ்வுட் மொத்தத்தையும் 2017 ஜனவரியில சைட்டிஸ்ங்கற, அழியற நிலையில இருக்கற உயிரினங்களோட வியாபாரத்துக்கான உலக ஒப்பந்தக் கட்டுப்பாட்டுல கொண்டு வந்தாங்க, அப்புறம் 2019 நவம்பர்ல முழுசா செஞ்சு முடிச்ச இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்துட்டாங்க. பிரேசிலியன் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அந்த விலக்கு கிடையாது, அது 1992-லேர்ந்தே ரொம்ப கடுமையான பட்டியல்ல இருக்கு, பெர்மிட் இல்லாம எல்லை தாண்டினா பறிமுதல் ஆகலாம். பழைய கிட்டார்னா நட்டு, சேடில் (கீழ்ப்பக்கம் கம்பி உக்கார்ற பட்டை) தந்தமான்னும் பார்த்துக்கோங்க.

இந்தத் தடவை வாங்கினவர் நல்ல மனுஷர்தான், ஆனா டியூட்டியைக் குறைக்க பாதி விலை போட்டு கிஃப்ட்னு எழுத முடியுமான்னு கேட்டார். முடியாதுங்கன்னு சொல்லிட்டேன். முதல்ல அது பொய், நான் கையெழுத்துப் போடற பேப்பர்ல பொய் எழுத மாட்டேன், அடுத்து வழியில உடைஞ்சா நாம எழுதின விலைக்கு மேல இன்சூரன்ஸ்ல ஒரு பைசா வராது. பழைய போட்டோவை அவருக்கு அனுப்பினேன், அதுக்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கல.

இன்னொண்ணும் அவர்கிட்ட சொல்லி வச்சிருந்தேன், பெட்டி வந்ததும் பிரிக்காம ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள்ள அப்படியே வச்சிருங்கன்னு. குளிர்ல கிடந்துட்டு வந்த கிட்டாரைச் சட்டுனு சூடான ரூம்ல திறந்தா மேல இருக்கற லாக்கர் பூச்சு மெல்லிசு மெல்லிசா விரிசல் விடலாம். ஆசையா காசு கொடுத்து வாங்கினதைக் கண்ணு முன்னாடி வச்சுக்கிட்டு 24 மணி நேரம் காத்திருக்கறது சாதாரண விஷயம் இல்ல, மனுஷர் காத்திருந்தார்.

நேத்து ராத்திரி வீடியோ அனுப்பினார். கேஸைத் திறந்ததும் நேரா ஹெட்ஸ்டாக்குக்குக் கீழ விரலை விட்டு, நான் வச்ச பனியன் துணியை மெதுவா உருவினார். கட்டை விரலால நட்டுக்குப் பின்பக்கம் ஒருதரம் தடவிப் பார்த்துட்டு, ஆறாவது கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்த ஆரம்பிச்சார்.