41ஆம் நாள்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையில் ஒரு அக்ஷயா சென்டரில் வேலை பார்க்கிறேன், அரசு விண்ணப்பங்கள் போட்டுத் தரும் இடம். 2021 கடைசியில் என் மேசைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கையில் இறப்புச் சான்றிதழ் இருந்தது. கோவிட்டில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய். உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம் அது. பாசிட்டிவ் வந்து 30 நாளுக்குள் இறந்திருந்தால், வீட்டில் இறந்திருந்தாலும் கோவிட் மரணம் என்று அதற்குப் பிறகுதான் விதி வந்தது. பழைய சாவுகள் ஆயிரக்கணக்கில் கேரளத்தின் பட்டியலில் ஏறின.

என் பெரியப்பா 41ஆம் நாள் போனவர்.

மே முதல் வாரம் பாசிட்டிவ். தேறி வீட்டுக்கு வந்துவிட்டார், சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து சீட்டாடும் அளவுக்கு. ஜூனில் ஒரு விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கோயம்புத்தூர் கொண்டுபோனோம், மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள்.

விண்ணப்பம் போட முடியாது என்று பெரியம்மாவிடம் நான்தான் சொன்னேன். அவர் பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப எம்பட வூட்டுக்காரர் எந்தக் கணக்குல வருவாருங் கண்ணு?" என்றார்.

அன்றைக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் தேடிப் படித்ததில் கிடைத்த சொல்தான் 'கூடுதல் இறப்பு'. ஒரு ஊரில் வழக்கமாக வருசத்துக்கு 100 பேர் இறப்பார்கள், இந்த வருசம் 130 என்றால் அந்த 30 கூடுதல். எதனால் இறந்தார், எத்தனையாவது நாள், டெஸ்ட் எடுத்தாரா என்ற கேள்வியே கிடையாது. செத்தாரா, பதிந்தார்களா, அவ்வளவுதான். பெரியப்பா அங்கே வந்துவிடுகிறார்.

ஆனால் தமிழ்நாட்டுக்காரராக வருகிறார்! நம் நாட்டில் இறப்பை இறந்த இடத்தில்தான் பதிவார்கள், குடியிருந்த இடத்தில் அல்ல. நெஞ்சுவலி என்றால் நாங்கள் வாளையார் எல்லை தாண்டி ஓடுகிறவர்கள். அதனால் இந்தப் பக்கத்துச் சாவுகள் கொஞ்சம் அந்தப் பக்கத்து ஏட்டில்தான் இருக்கும். கேரளத்தையும் தமிழ்நாட்டையும் ஒப்பிட்டு டிவியில் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

நாடுகளுக்கிடையிலும் இதே கதைதான், எண்ணும் விதத்தைப் பொறுத்து எண் மாறும். பெரு நாடு 2021 மே கடைசியில் தன் பட்டியலைத் திரும்பப் பார்த்தது. 69 ஆயிரமாக இருந்தது ஒரே நாளில் 1 லட்சத்து 80 ஆயிரமானது. 2020, 2021 இரண்டு வருசத்துக்கும் சேர்த்து உலகம் முழுக்க 1 கோடியே 49 லட்சம் கூடுதல் இறப்பு என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. நாடுகள் சொன்ன கோவிட் சாவு 54 லட்சம்தான். இந்தியாவுக்கு அவர்கள் போட்டது 47 லட்சம். நம் அரசு சொன்னது 5 லட்சத்துக்கும் கீழே. கணக்கு முறையே தப்பு என்று டெல்லி மறுத்தது. 2025இல் அரசின் பதிவுப் புத்தகமே வெளியானது: 2020இல் 81 லட்சமாக இருந்த இறப்புகள் 2021இல் 1 கோடியே 2 லட்சம். பதிவு செய்யும் பழக்கம் கூடியதும் இதில் கொஞ்சம் உண்டு, ஆனால் ஒரே வருசத்தில் 21 லட்சம் கூடுவதற்கு அது மட்டும் போதாது என்பது என் எண்ணம்.

இந்தக் கணக்கு மைனஸிலும் போகும். நியூசிலாந்தில் 2020இல் சாவு வழக்கத்தைவிடக் குறைந்தது. ஊரடங்கில் ஃப்ளூவும் அடங்கிவிட்டது. கேரளத்திலும் அந்த வருசம் பதிவான சாவுகள் முந்தைய வருசத்தைவிடக் குறைவு.

சிக்கலான இடம் அந்த 'வழக்கம்' என்பதுதான். தடுப்பூசி வந்த பிறகும் 2022, 2023இல் ஐரோப்பாவில் பல நாடுகளில் கூடுதல் இறப்பு தெரிந்தது. தள்ளிப்போட்ட சிகிச்சை, ஓயாத கோவிட், 2022 கோடை வெயில், அந்தக் குளிர்காலத்து ஃப்ளூ என்று பல காரணம். ஆனால் வயசானவர்கள் பெருகும் நாட்டில் சாவும் வருசாவருசம் கூடத்தானே செய்யும்? பழைய சராசரியையே வைத்துக் கழித்தால் எல்லாம் கூடுதலாகத்தான் தெரியும். பிரிட்டனில் 2023க்குப் பழைய முறையில் சுமார் 31 ஆயிரம் வந்தது. மக்கள்தொகையின் வயதையும் சேர்த்துப் புது முறையில் போட்டபோது 11 ஆயிரம். வயசானவர்கள் நிறைந்த கேரளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

போன மாதம் பெரியம்மா சான்றிதழ் நகல் எடுக்க வந்தார். இந்தக் கணக்கை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, சான்றிதழில் விரலை வைத்தார். இறந்த இடம் கோயம்புத்தூர். அதற்குக் கீழே நிரந்தர முகவரி, எங்கள் வீடு.

"ஊர் பேரு போட்டிருக்குதல்ல, சரி" என்றார். இரண்டு நகல் போதும் என்றவர் மூன்றாக எடுக்கச் சொன்னார்.