எவர் மீதும் சந்தேகம் இல்லை

அந்தத் தாள் முழுவதும் சிங்களத்தில் இருந்தது. என் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் தவிர எனக்கு எதுவும் விளங்கவில்லை. பிரேத அறைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் தாளை வைத்துப் பேனாவையும் நீட்டினார் பொலிஸ் உத்தியோகத்தர். “ஒரு கையெழுத்துப் போடுங்கள் தங்கச்சி, உடலை இன்றைக்கே கொண்டுபோகலாம்” என்றார். பேச்சில் கடுமையே இல்லை. என் தம்பி உள்ளே கிடக்கிறான். உடலைத் தருகிறேன் என்று சொல்கிறவரிடம் என்ன வாதாடுவது? பேனாவை வாங்கிவிட்டேன்.

என் கணவர் கையைப் பிடித்துத் தடுத்தார். அவர் முச்சக்கர வண்டி ஓட்டுகிறவர். சிங்களம் நன்றாக வாசிப்பார். மெதுவாக வாசித்துக்கொண்டு போனவர் கடைசி வரியில் நின்றுவிட்டார். “இந்த மரணம் தொடர்பாக எனக்கு எவர் மீதும் சந்தேகம் இல்லை” என்று எழுதியிருந்தது.

நான் அப்படிச் சொல்லவே இல்லை. அப்படியொரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

அந்த வாசலில் நாளைக்கு இன்னொரு அக்கா நிற்பாள், இன்னொரு தாய் நிற்பாள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அன்று எனக்குத் தெரியாதிருந்தவற்றை அவர்களாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

தம்பிக்கு 28 வயது. புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். கடையில் பணம் காணாமற்போனதென்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மாலை 4 மணிக்கு நான் சோற்றுப் பொதியோடு நிலையத்துக்குப் போனேன். ஒரு மணித்தியாலம் வாங்கில் இருக்கவைத்த பிறகு அவனைக் கூட்டிவந்தார்கள். தன் காலால் நடந்துதான் வந்தான். பொதியை வாங்கிக்கொண்டு, “பயப்பட வேண்டாம் அக்கா, காலையில் கோட்டுக்குக் கொண்டுபோவார்களாம்” என்றான். காலில் செருப்பு இல்லை. ஏன் என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அந்தக் கேள்வி இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

அதிகாலை 3 மணிக்குத் தொலைபேசி அடித்தது. கூண்டுக்குள் விழுந்துவிட்டாராம், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றார்கள். நாங்கள் போவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. விடிவதற்குள் மூன்று காரணங்கள் கேட்டுவிட்டோம். ஒருவர் வழுக்கி விழுந்தார் என்றார், இன்னொருவர் வலிப்பு வந்தது என்றார், மூன்றாமவர் போதைப்பொருள் கிடைக்காமல் தலையைச் சுவரில் மோதிக்கொண்டார் என்றார். என் தம்பிக்குப் பிறந்ததிலிருந்து வலிப்பு வந்ததில்லை. வெற்றிலைகூடப் போடாதவன் அவன்.

இந்த நிலையில்தான் அந்தத் தாள் வந்தது. கணவர் சொன்னபடி, அச்செழுத்துக்குக் கீழே தமிழில் எழுதினேன்: “இது எனக்கு வாசித்துக் காட்டப்படவில்லை. என் தம்பியின் மரணத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. நேற்று மாலை 5 மணிக்கு நான் பார்த்தபோது அவன் நடந்து வந்தான்.” அதன் கீழே நேரமும் போட்டுக் கையெழுத்திட்டேன். உத்தியோகத்தரின் முகம் மாறியது. தமிழில் எழுதினால் செல்லாது என்றார். அது பொய். 1987 முதல் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. கொழும்பிலும் வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கலாம், தமிழில் எழுதித் தரும்படி கேட்கலாம். பிறகு ஒவ்வொரு இடத்திலும் எங்களைத் தாங்கிப் பிடித்தது அந்த மூன்று வாக்கியங்கள்தான். தாளைக் கணவர் தொலைபேசியில் படம் எடுத்தும் வைத்துக்கொண்டார்.

அடுத்து, திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து பார்த்துவிட்டால் போதும் என்றார்கள். வழமையான மரணங்களுக்கு அது சரி. காவலில் ஒருவர் இறந்தால் அப்படி முடிக்க முடியாது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி நீதவானுக்கு உடனே அறிவிக்க வேண்டும். நீதவானே உடலைப் பார்வையிட்டு மரண விசாரணை நடத்த வேண்டும். இதைத் தொலைபேசியில் எங்களுக்குச் சொன்னவர், கணவரின் வண்டியில் வழக்கமாகப் புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் போய்வரும் ஒரு சட்டத்தரணி அம்மா. அவர் பகல் 11 மணிக்கு வந்து சேர்ந்தார். யாரையும் தெரியாதவர்கள் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். வசதியற்றவர்களுக்காகவே இருக்கிற இடம் அது.

நீதவான் பிற்பகலில் வந்தார். அதற்கு முன் அடையாளம் காட்ட என்னை உள்ளே விட்டபோது முகத்தை மட்டும் திறந்து காட்டினார்கள். கழுத்துவரை வெள்ளைத் துணி. முகம் தூங்குவதுபோலத்தான் இருந்தது. எனக்கு ஏனோ செருப்பில்லாத கால்கள் ஞாபகத்துக்கு வந்தன. யாரையும் கேட்காமல் துணியின் மறு நுனியைத் தூக்கிவிட்டேன். மூட்டை சுமந்து காய்த்துப்போன பாதங்கள் அவனுடையவை, மரக்கட்டை போல மஞ்சளாக இருக்கும். அன்று இரண்டு உள்ளங்கால்களும் கறுத்து, நீலம் பாரித்து, குதிகாலிலிருந்து விரல்வரை வீங்கியிருந்தன. இடது பாதத்தின் நடுவில் தோல் கோடாகப் பிளந்திருந்தது. வழுக்கி விழுந்தால் உள்ளங்காலில் அடிபடுமா?

நீதவான் என்னிடம் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். அழுகையில் வார்த்தை வரவில்லை. “பாதத்தைப் பாருங்கள் ஐயா” என்று மட்டும் சொன்னேன். அவர் பார்த்தார். குறிப்பில் எழுதவும் செய்தார். பிரேத பரிசோதனையைச் சட்ட வைத்திய அதிகாரி செய்யவும், காயங்களைப் புகைப்படம் எடுக்கவும், கூண்டுக்கு முன்னாலுள்ள கமராப் பதிவுகளைப் பாதுகாக்கவும் எங்கள் சட்டத்தரணி அங்கேயே விண்ணப்பித்தார். கமராவைப் பற்றிய பதில் இரண்டு நாளில் வந்தது. சில வாரங்களாக அது வேலை செய்யவில்லையாம்.

உடல் எங்களுக்கு வியாழக்கிழமை கிடைத்தது. வீட்டில் பெரிய சண்டை நடந்தது அதற்குப் பிறகுதான். எங்கள் குடும்பத்தில் எரிப்பதுதான் வழக்கம். எரிக்கக் கூடாது, புதைக்க வேண்டும் என்று சட்டத்தரணி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பெரியப்பா கொதித்தெழுந்தார். கலியாணமாகாத பிள்ளையை அநாதைப் பிணம்போல மண்ணில் போடுவதா என்று கேட்டார். அம்மா ஒன்றும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நான் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, பாதத்தில் கண்டதைச் சொன்னேன். அதுவரை அவருக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “புதையுங்கள்” என்றார். மாதம்பிட்டி மயானத்தில் புதைத்தோம்.

அந்த முடிவு சரியென்று பிறகு நாடே பார்த்தது. 2025 ஏப்ரலில் வெலிக்கடைப் பொலிஸ் காவலில் இருந்தபின் இறந்த ஓர் இளைஞனின் உடலை நீதிமன்ற உத்தரவின்பேரில் தோண்டியெடுத்து மறுபடி பரிசோதித்தார்கள். சாம்பலாக இருந்திருந்தால் எதைத் தோண்டுவது?

செத்தவீட்டின் இரண்டாம் நாள் இரவு சிவில் உடையில் இரண்டு பேர் வந்தார்கள். தேநீர் குடித்தார்கள். போகும்போது, “செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்” என்று பழுப்பு உறையொன்றை மேசையில் வைத்தார்கள். கணவர் பிரித்தும் பார்க்காமல் வாசல்வரை கொண்டுபோய்க் கையில் திணித்தார். அது எங்களுக்குத் தேவைப்பட்ட காசுதான். பந்தலுக்குக்கூடக் கடன் வாங்கியிருந்தோம். தேவையை நன்றாக அறிந்துதான் வருகிறார்கள்.

அடுத்த வாரம் கொழும்பு 4 இல் ஆர். ஏ. டி மெல் மாவத்தையிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன், கட்டணம் இல்லை. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட ஆணைக்குழு அது. அவசரத் தொலைபேசி இலக்கமும் 1996 தான். தம்பியைப் பிடித்த அன்று மாலையே அந்த இலக்கத்துக்கு நான் அழைத்திருக்கலாம். காவலில் இருப்பவர்களைப் போய்ப் பார்வையிடும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பிடித்தால் சோறு சமைக்கும் முன் இந்த அழைப்பை எடுங்கள்.

அரச அதிகாரிகள் ஒருவரின் உரிமையை மீறினால் போடுவது அடிப்படை உரிமை மனு. அதை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஆணைக்குழுவில் விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் அதை நம்பி இருந்துவிட வேண்டாம் என்று சட்டத்தரணி சொல்லிவிட்டார். முறைப்பாடு கொடுத்த துண்டு மட்டும் போதாது, விசாரணை நடக்கிறதென்று காட்டவேண்டி வரும். நாங்கள் 26 ஆம் நாள் தாக்கல் செய்தோம். இறந்தவருக்காக உறவினர் கேட்க முடியுமா என்ற சந்தேகம் இனி வேண்டாம். காவலில் கணவனை இழந்த ஒரு பெண்ணின் வழக்கில், 2003 இலேயே உயர் நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்றிருக்கிறது.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது சாட்சி. தம்பியோடு அதே கூண்டில் இருந்த ஒரு பையன் பிணையில் வந்த பின் எங்களைத் தேடிவந்தான். இரவு 10 மணிக்குத் தம்பியை மேல்மாடிக்குக் கொண்டுபோனதையும், திரும்பும்போது இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்ததையும் சொன்னான். நீதிமன்றத்தில் சொல்வாயா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய வழக்கு அதே நிலையத்தில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கே போய்க் கையெழுத்திட வேண்டும். சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் 2015 இல் வந்தது, 2023 இல் புதிதாகவும் ஆக்கப்பட்டது என்று சட்டத்தரணி அவனுக்கு விளக்கினார். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அம்மா, ஞாயிற்றுக்கிழமை என்னோடு யார் வருவார்கள்?” என்றான். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அவன் இப்போது ஊருக்குப் போய்விட்டான்.

விசாரணைகளை மக்கள் ஏன் நம்புவதில்லை என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் பையனைத்தான் காட்டுவேன். தம்பியின் வழக்கில் முதல் பி அறிக்கையை, அதாவது பொலிஸார் நீதவானுக்குக் கொடுக்கும் விசாரணை அறிக்கையை, எழுதியது தம்பியை வைத்திருந்த அதே நிலையம். அதில் “சந்தேகநபர் திடீர் சுகவீனமுற்றார்” என்று ஒரே வரி. பிறகு விசாரணையை வேறொரு பிரிவுக்கு மாற்றினார்கள். வாக்குமூலம் எடுக்க வந்தவர் அந்தப் பொறுப்பதிகாரியைப் பெயர் சொல்லி, “எங்கள் சேர்” என்றார். முன்வீட்டு ஆச்சி இதைக் கேட்டுவிட்டு, “வேலிக்கு ஓணான் சாட்சி” என்றார். சீருடை அணிந்தவரைச் சீருடை அணிந்தவரே விசாரிக்கும்வரை இந்தப் பேச்சை யாராலும் நிறுத்த முடியாது. அவர்களுக்குக் கட்டுப்படாத, தனக்கென்று புலனாய்வாளர்களைக் கொண்ட ஓர் அமைப்பு வேண்டும். இதுதான் என் கோரிக்கை.

மக்கள் மறந்தவர்களும் அல்லர். 2020 ஒக்டோபரில் மாளிகாவத்தையில் ஒரு சந்தேகநபர் பொலிஸ் காவலில் இருந்தபோதே சுடப்பட்டு இறந்தார். மறைத்துவைத்த போதைப்பொருளைக் காட்டப் போனபோது நடந்தது என்றார்கள். 2021 மே மாதத்தில் இன்னும் இரண்டு பேர் அதேமாதிரி. அவர்கள் மீது பாரதூரமான குற்றச்சாட்டுகள் இருந்ததால் பலர் மகிழ்ந்தார்கள். நானும் அன்று செய்தியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவள்தான். அதை நினைத்து இன்று வெட்கப்படுகிறேன். 2023 மே மாதத்தில் பதுளையைச் சேர்ந்த வீட்டுப் பணிப்பெண் வெலிக்கடைக் காவலில் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸார் கைதுசெய்த இளைஞன் இறந்தான். தன்னை எப்படி அடித்தார்கள் என்று அவன் சொன்ன காணொளியை நாடே பார்த்தது. அந்த வாக்கு பதிவாகியிருக்காவிட்டால் அவனுக்கும் வலிப்பு வந்திருக்கும்.

தண்டனையே கிடைக்காது என்று நான் சொல்லவரவில்லை. 2009 இல் அங்குலானையில் இரண்டு இளைஞர்கள் கொல்லப்பட்டபோது ஊரே பொலிஸ் நிலையத்தின் முன் திரண்டது. 2011 இல் நான்கு பொலிஸாருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. சித்திரவதைக்கு எதிரான 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தில் குறைந்தது 7 ஆண்டு, கூடியது 10 ஆண்டு சிறை இருக்கிறது. சட்டம் இருக்கிறது. அதைத் தொட்டு எடுக்கும் கைதான் வேண்டியிருக்கிறது.

எங்கள் வழக்கில் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை ஏழு மாதத்தில் வந்தது. இரண்டு உள்ளங்கால்களிலும் மழுங்கிய ஆயுதத்தால் ஏற்பட்ட காயங்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. நீதிமன்றத்தில் நகர்த்தல் பத்திரம் என்ற கோரிக்கையைப் போட்டு அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுத்தோம். அந்த வரியை நான் முப்பது தடவையாவது வாசித்திருப்பேன். இரண்டு பேர் இடமாற்றம் பெற்றார்கள். கோப்பு சட்ட ஆலோசனைக்குப் போயிருக்கிறது. இதுவரை நீதிமன்றத்தில் 14 தவணைகள். ஒவ்வொரு தவணைக்கும் கணவருக்கு ஒரு நாள் வருமானம் போகிறது. எல்லாத் தாள்களையும் பள்ளிக்கூடப் பையொன்றில் திகதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். எந்தத் தாளின் மூலப் பிரதியையும் யாரிடமும் கொடுப்பதில்லை.

அடுத்த தவணை வரும் வியாழக்கிழமை. தவணைக்கு முந்தைய இரவு அம்மாவுக்குத் தூக்கம் வராது. பாயில் எழுந்து உட்கார்ந்து, இனிமேலாவது பிள்ளையை எடுத்து எரிக்கலாமா என்று கேட்பார். இன்னும் இல்லை அம்மா என்று சொல்லிவிட்டுப் பையை வாசலருகே கொண்டுபோய் வைப்பேன்.