மலரில் வராத பெயர்

"பேரைப் போட்டா நாளைக்கு அதையே தீர்ப்பாயத்தில் கொண்டுபோய் வைப்பாங்க. அப்போ நீங்க பதில் சொல்வீங்களா?"

எங்கள் அதிகாரி கேட்டது இவ்வளவுதான். நான் பேசாமல் இருந்தேன். ஆண்டு விழா மலருக்கு எங்கள் வானொலி நிலையத்தின் வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. கேஷுவல், அதாவது நிரந்தரமில்லாத, அறிவிப்பாளர்களின் பட்டியலைக் கடைசியில் சேர்த்திருந்தேன். அதைத்தான் அடித்தார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கேஷுவலுக்கு மாதம் ஆறு நாள்தான் பணி. அந்த ஆறு நாளை வைத்துப் பல வருஷம் ஓட்டியவர்கள் நிரந்தரம் கேட்டு வழக்குப் போடுவது ஆகாசவாணியில் புதிதல்ல. அரசு மலரில் பெயரும் வருடமும் அச்சானால் அதுவும் ஒரு சான்றுதான். கையெழுத்துப் போடுபவர் பயப்படத்தான் செய்வார்.

ஆனால் அந்த வரலாற்றை எனக்குச் சொன்னதே ஒரு கேஷுவல் அம்மாதான். முன்கதை சுலபமாக வந்துவிட்டது: 1938இல் சென்னை, 1939இல் திருச்சி, வானொலியில் கேட்டு ஏடிடி-27 நெல்லைப் போட்ட தஞ்சாவூர்க்காரர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தது, 1984இல் நாகர்கோவிலில் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி. அதற்கு அப்புறம் வந்தது எங்கள் நிலையம். எங்கள் கோப்பில் டிரான்ஸ்மிட்டர் வந்திறங்கிய தேதி உண்டு, திறப்பு விழா அழைப்பிதழ் உண்டு. மைக் முன்னால் யார் உட்கார்ந்தார்கள் என்பது மட்டும் இல்லை. எஃப்எம் பட்டை உள்ள ரேடியோ ஊரில் எத்தனை வீட்டில் இருந்தது, நேயர் கடிதம் எந்த ஊரிலிருந்து அதிகம் வந்தது, எல்லாம் அவர் வாயால் வந்தவை.

புயல் இரவையும் அவர்தான் சொன்னார். பழைய லாக் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 'மின்தடை, ஜெனரேட்டர், எச்சரிக்கை வாசிக்கப்பட்டது' என்று அரை மணிக்கு ஒரு வரி. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவருடைய சுருக்கொப்பம். விடியும்வரை வேறு கை அந்தப் பக்கத்தில் இல்லை.

மலரில் நான் எழுதியது: 'புயல் இரவிலும் நிலையம் உறங்கவில்லை.' பலரும் பாராட்டிய வரி அது. பொய்யும் இல்லை.

சண்டை போட்டிருக்கலாம் என்று தோன்றும். போட்டிருந்தால் மலரே நின்றுபோய், அந்த இரவு எங்கேயும் பதிவாகாமல் போயிருக்கும் என்றும் தோன்றும். இரண்டாவதை நான் அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன். அடிக்கடி சொல்ல வேண்டியிருப்பதால்தான் அதன்மேல் சந்தேகமே வருகிறது.

மலர் கிடைத்ததும் அந்த அம்மா போன் பண்ணினார். "அட்டை நல்லா இருக்கு சார். புயல் விஷயத்தையும் போட்டுட்டீங்க" என்றார். பெயர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோபமா, பழகிவிட்டதா, குரலில் பிடிபடவில்லை. இத்தனைக்கும் குரல் கேட்டே சம்பளம் வாங்குகிறவன் நான்.

அப்புறம் பழைய பதிவேடுகளைக் கழித்தபோது அந்த லாக் புத்தகமும் போய்விட்டது. புயல் பக்கங்களை மட்டும் முன்பே நகல் எடுத்து வைத்திருந்தேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவர் வழக்குப் போட்டால் கொடுக்கலாம் என்று ஒரு எண்ணம். நகல் இருப்பது தெரிந்தால்தானே போடுவார் என்பதும் தெரியும். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். அவருக்கு என்னைவிட வயது அதிகம்.