ஈயக்குட்டைக்கு மேல் ஒரு நகரம்

மண் சோதனை வேலையில் சேரும்வரை கோலாலம்பூரின் வரலாறு எனக்குப் பள்ளிப் பாடத்தோடு சரி. 1857-இல் கிள்ளான் தலைவர் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகேறி வந்தார்கள். கோம்பாக் ஆறு கலக்கும் இடத்தில் இறங்கி, அம்பாங் காட்டுக்கு நடந்துபோய் ஈயம், அதாவது டின் என்கிற வெள்ளீயம், தோண்டினார்கள். ஒரு மாதத்துக்குள் அவர்களில் 69 பேரை மலேரியா கொண்டுபோனது. பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியதோடு மறந்தும்விட்டேன். அந்த ஈயத்தின் மிச்சம் கம்பியில் ஒட்டிக்கொண்டு மேலே வரும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

கட்டடம் எழும்புவதற்கு முன் நிலத்தில் துளை போட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. 63.5 கிலோ சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விடுவோம். கம்பி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி வாங்குகிறது என்று எண்ணி எழுத வேண்டும். நல்ல மண் என்றால் இருபது, முப்பது அடி கேட்கும். பழைய ஈயச் சுரங்கங்கள் இருந்த சுங்கை பீசி, பூச்சோங் பக்கம் போனால் சில இடங்களில் சுத்தியலுக்கு வேலையே இல்லை. கம்பியை வைத்தால் போதும், தன் எடையிலேயே இறங்கிக்கொண்டிருக்கும். "எழுது தம்பி, பூஜ்யம்" என்பார் எங்கள் ஃபோர்மேன் அண்ணன். குழாயைத் திறந்தால் சாம்பல் நிறச் சேறு. விரல்களுக்கு நடுவில் தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி வழுக்கும், மணலின் நெருநெருப்பு துளியும் இருக்காது. சைட்டில் அதற்கு ஸ்லைம் என்று பெயர்.

அது இயற்கையாக உண்டான மண் இல்லை. சுரங்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து மண்ணைக் கரைத்து, அந்தக் கலவையைப் பம்ப் வைத்து உயரமான பாலோங்கில் ஏற்றுவார்கள். சரிவாக ஓடும் அந்த நீண்ட மரத்தொட்டியில் குறுக்குக் கட்டைகள் இருக்கும். ஈயத்தாது மணலைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனம் என்பதால் கட்டைகளுக்குப் பின்னால் தங்கிவிடும். மணல் பாலோங்கின் வாலுக்குப் பக்கத்திலேயே குவியும். நுண்ணிய சேறு மட்டும் தண்ணீரோடு தூரமாக ஓடிப் பழைய குட்டைகளில் படியும். ஆகவே ஒரு துளையில் மணலும் அடுத்ததில் ஸ்லைமும் வந்தால், அண்ணன் இடுப்பில் கை வைத்துச் சுற்றிலும் பார்த்துவிட்டு, "பாலோங் அந்த மூலையில நின்னிருக்கும்" என்பார். பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இதற்கெல்லாம் அடியில் சுண்ணாம்புப் பாறை. ஓரிடத்தில் கூம்பாக மேலே நிற்கும், சில அடி தள்ளிப் போட்டால் பாறையே கிடைக்காது. நடுவில் குகை இருந்தால் துளை போட நாம் விடும் தண்ணீர் திரும்பி மேலே வராது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தையே முதலில் குறித்த இடத்திலிருந்து சுமார் 60 மீட்டர் நகர்த்த வைத்த பாறை இது.

சுரங்கம் என்றால் சீனர் கதை, நமக்கு ரப்பர் தோட்டமும் ரயில் பாதையும் என்றுதான் நம்மவர்கள் பேசுவார்கள். பெருமளவுக்கு உண்மைதான். ஆனால் பத்துமலைக் கோயிலுக்குக் காரணமான தம்புசாமிப் பிள்ளை, சீனத் தொழிலதிபர் லோக் இயூவோடு சேர்ந்து ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தியவர். 1894 வாக்கில் அங்கே மின்சார பம்ப் ஓடியது. தைப்பூசத்துக்கு வருடம் தவறாமல் போகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியதும் முக்கியமாக ஈயத்துக்காகத்தான்.

அப்புறம் 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் கையை விரித்தது. விலையைத் தாங்கிப் பிடிக்க அதனிடம் பணம் இல்லை. லண்டன் சந்தையில் ஈய வியாபாரமே நின்றது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களில் ஒன்றாக இருந்த சுங்கை பீசிப் பள்ளம் இன்று ஏரி, கரையில் ஹோட்டலும் பேரங்காடியும். சன்வே லகூன் கேளிக்கைப் பூங்காவும் ஈயச் சுரங்கமாக இருந்த இடம்தான். சின்ன வயதில் "குட்டைப் பக்கம் போனே, காலை ஒடிச்சிடுவேன்" என்று அம்மா மிரட்டிய தண்ணீருக்குப் பக்கத்தில், இப்போது ஏரிக் காட்சி என்று கூடுதல் விலை வைத்து வீடு விற்கிறார்கள்.

விற்பவர்களுக்கு எங்கள் அறிக்கை கசக்கும். ஒரு நில உரிமையாளர் துளைகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி எங்களோடு மல்லுக்கு நின்றார். இத்தனைக்கும், இந்த நிலத்தில் கட்டவே முடியாது என்று நாங்கள் சொல்வதில்லை. வீட்டைத் தாங்க நிலத்தில் இறக்கும் தூண்கள், அதாவது பைலிங், ஆழமாகப் போனால் வீடு அசையாது. வீட்டைச் சுற்றியுள்ள தரைதான் மெல்ல உட்காரும், ஏனென்றால் கீழே இருக்கும் ஸ்லைம் மேலே கொட்டிய மண்ணின் பாரத்தில் பல வருடங்களுக்கு நீரை விட்டுக்கொண்டே இருக்கும்.

பூச்சோங்கில் டெரஸ் வீடு பார்த்த என் மச்சானிடம் இதைத்தான் சொன்னேன். சுவரைத் தட்டிப் பார்க்காதே, சுவரும் சாக்கடையும் சேரும் இடத்தில் விரல் நுழைகிறதா என்று பார், வாசல் படி வெளித் தரையைவிட அதிக உயரமாகத் தெரிகிறதா என்று பார். போய்ப் பார்த்தார். விரல் என்ன, கையே நுழைகிறது என்றார். ஆனாலும் வாங்கிவிட்டார், அக்காவுக்கு ஏரி பிடித்துவிட்டதாம். கார் நிறுத்துமிடத்து டைல்ஸை இதுவரை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது.