கழுதைகள் மிஞ்சிய ஊர்

அரிசோனாவின் கிங்மனிலிருந்து கலிபோர்னியா போக இன்டர்ஸ்டேட் 40 என்ற விரைவுச்சாலை இருக்கிறது. நாங்கள் அதை விட்டு ஓட்மன் என்ற ஊர் வழியாகப் போகும் பழைய ரூட் 66 சாலையைப் பிடித்தோம். 1952-ல் புறவழி வரும்வரை இதுதான் நெடுஞ்சாலையாம். நம்பவே முடியவில்லை. இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கூல் ஸ்பிரிங்ஸ் என்ற பழைய கல் கட்டட பெட்ரோல் பங்கைத் தாண்டியதும் பிளாக் மவுன்டன்ஸ் ஏற்றம் தொடங்குகிறது. முள் குச்சிகளைக் கொத்தாக நட்டு வைத்த மாதிரி ஒகோட்டியோ செடிகள். பல வளைவுகளில் தடுப்புச் சுவரே இல்லை. 40 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதியும் இல்லை. உச்சியில் சிட்கிரீவ்ஸ் கணவாய், 3,550 அடி.

அந்தக் காலத்து ஃபோர்டு மாடல் டி கார்களில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில், பம்ப் கிடையாது. பெட்ரோல் தானாக இறங்கி எஞ்சினுக்குப் போக வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் அது நின்றுபோகும் என்பதால் சிலர் இந்த மலையை ரிவர்ஸிலேயே ஏறியிருக்கிறார்கள். பயந்தவர்கள் உள்ளூர்க்காரர்களுக்குக் காசு கொடுத்து ஓட்டச் சொன்னார்களாம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இறக்கத்தில் கோல்ட்ரோடு. பெயரில் தங்கம் இருக்கிறது, ஊர் இல்லை. வரியை மிச்சப்படுத்தக் கட்டடங்களை இடித்துவிட்டார்கள்.

அப்புறம் ஓட்மன். 1915-ல் இங்கே பெரிய தங்கப் படிவம் கிடைத்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் குவிந்தார்கள். இரண்டாம் உலகப்போரில் மற்ற உலோகங்கள்தான் தேவை என்று அரசு 1942-ல் தங்கச் சுரங்கங்களை மூடச் சொன்னது. ஆட்கள் கிளம்பினார்கள், சுரங்க வேலைக்குக் கொண்டுவந்த கழுதைகளை அவிழ்த்துவிட்டார்கள். அவற்றின் வாரிசுகள்தான் இப்போது தெருவுக்கு முதலாளிகள். 1971-ம் ஆண்டுச் சட்டம் வேறு பாதுகாப்பு. ஒன்று எங்கள் காரை மறித்து நின்று, ஜன்னலுக்குள் மூக்கை விட்டு என் மனைவியின் கைப்பையை நிதானமாகச் சோதித்தது. ஒரு குட்டியின் நெற்றியில் ‘எனக்குத் தீனி போடாதீர்கள்’ என்று ஸ்டிக்கர்! பெரியவற்றுக்குக் கடைகளில் விற்கும் புல் கட்டிகளை மட்டும் கொடுக்கலாம்.

தெருவில் நடக்கும் துப்பாக்கிச் சண்டை நாடகம் சுமார்தான். சுவரெல்லாம் டாலர் நோட்டு ஒட்டிய பழைய ஓட்டலை எட்டிப் பார்க்கலாம்.

போகிறவர்கள் கிங்மனிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலை வேண்டவே வேண்டாம். வெயில் 40 டிகிரியைத் தாண்டும்.