ஐந்து என்று சொன்னேன்

"எத்தனை பூனை வரைக்கும் வைத்துக்கொள்ளலாம் சார், சட்டத்தில் என்ன போட்டிருக்கிறது?" என்று, புகாரின்பேரில் ஆய்வுக்குப் போன என்னிடம் அந்த அம்மா கேட்டார்.

"ஐந்து" என்றேன்.

சட்டத்தில் அப்படி எதுவும் போடவில்லை. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தை முழுக்கப் புரட்டினாலும், ஒரு வீட்டுக்கு இத்தனை பூனைதான் என்ற கணக்குக் கிடைக்காது. நெருக்கடியான கூண்டில் அடைக்காதே, வளர்க்கிறாய் என்றால் தீனியும் தண்ணீரும் இருப்பிடமும் போதுமான அளவு கொடு என்கிறது 11-ஆம் பிரிவு. மீறினால் முதல் தடவை 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். 2018-இல் திருவல்லிக்கேணியில் இரண்டு பேர் காபி குடித்தால் அந்தப் பணம் தீர்ந்துவிடும்.

நாற்றத்துக்கு வேறு வழி இருந்தது. அப்போது நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-ஆம் பிரிவின்படி, பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லி நிர்வாக நடுவர் உத்தரவிட்டிருக்கலாம். அதற்குக் கோப்பு நகர வேண்டும். மாடி வீட்டுக் குழந்தைக்கு மூச்சிரைப்பு. அதன் தகப்பனார் மூன்றாவது மனுவோடு என் மேசைமுன் நின்றுவிட்டுப் போயிருந்தார். வாசலில் அன்று காலை போட்ட கோலம் அழியாமல் இருந்தது. நிலைப்படியைத் தாண்டியதும் மூத்திர நெடியில் என் கண் எரிந்தது. முப்பது வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். பேசிக்கொண்டே அந்த அம்மா சேலைத் தலைப்பை வெந்நீரில் நனைத்து, ஒரு குட்டியின் சீழ் கட்டி ஒட்டிப்போன கண்ணைப் பிரித்துக்கொண்டிருந்தார். இதை எந்தப் பிரிவில் எழுதுவது?

ஓர் எண்ணைச் சொல்லாவிட்டால் அவர் ஒன்றைக்கூட விட்டிருக்க மாட்டார். அது உண்மைதான். பத்து என்று சொல்லியிருக்கலாமே என்று பிறகு தோன்றியதும் உண்மைதான்.

பதினைந்து நாள் கழித்துப் போனேன். தரை கழுவியிருந்தது. மின்கட்டண ரசீதின் பின்புறம் ஐந்து பெயர்களை எழுதி வைத்திருந்தார்; ஆறாவதாக ஒன்றை எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்திருந்தார். மற்றவை எங்கே என்றேன். ஆட்டோக்காரப் பையன் கோணியில் கட்டிச் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டானாம். "அங்கே பட்டினி கிடக்காது, இல்லையா சார்?"

பசியிலும் தாகத்திலும் வாடும்படி பிராணியைக் கைவிடுவதும் அதே 11-ஆம் பிரிவில் குற்றம். அதே 50 ரூபாய். நான் சொன்ன பொய்ச் சட்டத்துக்குப் பயந்து அவர் உண்மையான சட்டத்தை மீறியிருந்தார். மீற வைத்தவன் நான். காப்பகத்துக்குப் பேசியிருக்க வேண்டும், கால்நடை மருத்துவரை அழைத்துப் போயிருக்க வேண்டும். ஆனால் முப்பது பூனைகளைச் சேர்த்து வாங்கிக்கொள்ள எந்தக் காப்பகம் முன்வந்திருக்கும்? இப்படிக் கேட்டுக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது. அன்று ஒரு காப்பகத்துக்குக்கூட நான் போன் செய்து பார்க்கவில்லை.

மாடி வீட்டுக்காரர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். குழந்தைக்கு இரைப்பு குறைந்ததா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று கிளம்பும்போது அடுப்படியில் கவிழ்த்திருந்த மூங்கில் கூடைக்குள் ஏதோ கீச்சிட்டது. அந்த அம்மா கூடைமேல் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். ஆய்வு அறிக்கையில் "பூனைகள்: 5" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.